காது கொடுத்த கணினி: பிலிப் மனூரியின் ‘ஜூபிடர்’ குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

புல்லாங்குழல் ஒன்றுக்கும் நேரடி மின்னணு ஒலிகளுக்குமாக பிரெஞ்சு இசையமைப்பாளர் பிலிப் மனூரி இயற்றிய ‘ஜூபிடர்’, 1987-இல் பாரிஸ் நகரின் இர்காம் ஆய்வு மையத்தில் உருவாகி, பியேர்-ஆந்த்ரே வலாடின் வாசிப்பில் அரங்கேறியது. ஏறத்தாழ அரை மணி நேரம் நீளும் இந்த இசை, அறையிசை (ஒரு சிலரே சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசை) வரலாற்றில் ஒரு குறிப்பிட்ட காரணத்துக்காக நினைவுகூரப்படுகிறது: மேடையில் வாசிப்பவர் இப்போது எந்தச் சுரத்தில் இருக்கிறார் என்பதைக் கணினி தானே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்பத் தன் பங்கை இசைக்கும் முறை ஒரு முழுக் கச்சேரிப் படைப்பின் அடித்தளமானது இதில்தான். அந்த முறை கலைஞருக்கு எதைக் கொடுத்தது, பதிலுக்கு எதைக் கேட்டது, படைப்பின் ஆயுளை அது எப்படிப் பாதித்தது என்பதே இந்த ஆய்வின் பொருள். சுதந்திரம் தருவதற்காகச் சேர்க்கப்பட்ட பகுதியே, மேடையிலும் சரி, காலப்போக்கிலும் சரி, இந்தப் படைப்பின் மிக எளிதில் உடையக்கூடிய பகுதியாக இருந்துவந்திருக்கிறது என்பது என் முடிபு. அந்த விலை கொடுக்கத் தகுந்தது என்பதும் என் முடிபுதான். ஆனால் விலையைப் பேசாமல் சாதனையை மட்டும் பேசும் வழக்கம் இத்துறையில் நெடுநாளாக இருக்கிறது.

ஒலிநாடாவின் ஆட்சி

நேரடி வாத்தியத்தையும் மின்னணு ஒலியையும் ஒரே மேடையில் சேர்க்கும் முயற்சி, ஒலிநாடா இசைக்கூடங்களுக்குள் நுழைந்த உடனேயே தொடங்கிவிட்டது. ப்ரூனோ மதேர்னா 1952-இல் புல்லாங்குழலையும் சிம்பலையும் நாடாவோடு இணைத்து ‘இரு பரிமாணங்களில் இசை’ என்ற பொருள்படும் படைப்பை எழுதினார். கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசனின் ‘கொன்டாக்டே’ 1960-இல் கொலோனில் அரங்கேறியபோது, பியானோவும் தாளவாத்தியங்களும் நான்கு தடங்கள் கொண்ட நாடாவோடு மோதின, கலந்தன, சில இடங்களில் எது எதிலிருந்து வருகிறது என்று பிரித்தறிய முடியாதபடி ஒன்றாயின. மாரியோ டேவிடோவ்ஸ்கி 1963-இல் தொடங்கிய ‘சின்க்ரோனிஸம்ஸ்’ வரிசை இன்னும் நுட்பமான பாதையில் சென்றது. பியானோ சுரம் தட்டப்பட்ட கணத்திலிருந்தே தேயத் தொடங்கும் என்பது அந்த வாத்தியத்தின் இயல்பு. அந்தத் தேய்வை நாடாவிலிருந்து வரும் மின்னணு ஒலி பிடித்துக்கொண்டு வளர்த்தெடுத்தால், பியானோவால் ஒருபோதும் செய்ய முடியாததைப் பியானோ செய்வது போன்ற மயக்கம் உண்டாகிறது. இந்த வரிசையின் ஆறாம் படைப்புக்கு 1971-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இவை எல்லாவற்றிலும் காலத்தின் சாவி நாடாவின் கையில் இருந்தது. நாடா ஓடத் தொடங்கிவிட்டால் அது யாருக்காகவும் நிற்காது. வாசிப்பவர் ஒரு சொற்றொடரின் முடிவில் சற்றுத் தயங்க விரும்பினாலும், அரங்கின் எதிரொலி அதிகமாக இருப்பதால் காலப்பிரமாணத்தைக் குறைக்க நினைத்தாலும், அவருக்கு அந்த இடம் இல்லை. நிறுத்துகடிகாரமும், பின்னாளில் காதுக்குள் ஒலிக்கும் மெட்ரோனோம் தட்டும் அவருடைய எஜமானர்கள் ஆயின. இதை ஒரு குறையாக மட்டுமே பார்ப்பது நியாயமாகாது. நாடாவில் பணிபுரிந்த இசையமைப்பாளருக்கு ஒலியின் ஒவ்வொரு துகளின் மீதும் கிடைத்த ஆளுமை வேறு எந்த வழியிலும் அன்று கிடைத்திருக்காது.

மறுபுறம் நேரடி மின்னணு முறையும் வளர்ந்துவந்தது. ஸ்டாக்ஹவுசனின் ‘மந்த்ரா’ (1970) இரண்டு பியானோக்களின் ஒலியை மேடையிலேயே வளைய மாற்றி என்னும் கருவிக்குள் செலுத்தி, அதன் நிறத்தை மாற்றுகிறது. அங்கே காலம் கலைஞர்களுடையது. ஆனால் அந்தக் கருவிக்கு நினைவும் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. தனக்குள் வருவதைத் திரித்து வெளியே அனுப்புவதோடு அதன் வேலை முடிகிறது. அமைப்பின் எந்தக் கட்டத்தில் எந்த மாற்றம் நிகழ வேண்டும் என்பதை மனிதக் கைகளே திருகிக் கொண்டிருக்க வேண்டும். ஆக, விரிவான மின்னணு அமைப்பு வேண்டுமானால் நாடாவின் காலத்துக்கு அடங்க வேண்டும், காலம் தன்வசம் வேண்டுமானால் எளிய மின்னணு அமைப்போடு நிறைவடைய வேண்டும் என்ற நிலையே 1980-களின் தொடக்கம் வரை பெரும்பாலும் நீடித்தது.

புல்லாங்குழல் ஏன், பாரிஸ் ஏன்

இந்த முடிச்சை அவிழ்க்கத் தேவையான மூன்று விஷயங்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இர்காமில் கூடின. இசையமைப்பாளர் பியேர் பூலேஸின் தலைமையில் 1977-இல் திறக்கப்பட்ட அம்மையத்தில், இயற்பியலாளர் ஜுசெப்பே டி ஜூனியோ உருவாக்கிய 4எக்ஸ் என்ற எண்ணிம ஒலிச்செயலி, வாத்தியத்தின் ஒலியை அது எழும் கணத்திலேயே ஆராயவும் மாற்றவும் வல்லதாக இருந்தது. பூலேஸின் ‘ரேபோன்’ 1981-இல் முதல் வடிவம் பெற்றபோது ஆறு தனிக் கலைஞர்களின் ஒலியை அரங்கைச் சுற்றிச் சுழற்றியது இந்த இயந்திரமே.

இரண்டாவது, கலைஞர் ஒருவரின் ஆர்வம். ஆன்சாம்பிள் ஆன்டெர்கோன்டெம்பொரென் என்ற சமகால இசைக் குழுவின் புல்லாங்குழல் கலைஞராக இருந்த லாரன்ஸ் பூரகார்ட், தன் வாத்தியத்தின் விசைகளில் உணரிகளைப் பொருத்தி அதைக் கணினியோடு இணைக்கும் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த பேரி வெர்கோ அவரோடு இணைந்து, வாசிப்பவரைப் பின்தொடர்ந்து துணை இசை வழங்கும் கணினி முறை ஒன்றை 1984-இல் வெளிக்காட்டினார். அதே ஆண்டு ரோஜர் டானென்பர்க் தனியாக இதே சிக்கலுக்கு வேறொரு தீர்வை முன்வைத்தார். இருவரின் முயற்சிகளும் ஒரே ஆண்டில் வெளிவந்தது, இந்தத் தேவை எவ்வளவு முற்றியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

உணரி பொருத்திய புல்லாங்குழலின் தர்க்கம் கவனிக்கத்தக்கது. ஒரே விரலமைப்பில் காற்றின் வேகத்தை மாற்றிப் பல சுரங்களை எழுப்ப முடியும் என்பதால், விரல்களை மட்டும் பார்த்தால் எந்தச் சுரம் ஒலிக்கிறது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஒலியை மட்டும் ஆராய்ந்தால், மேல்தொனிகளின் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகளின்) வலிமையில் ஏமாந்து, உண்மையான சுருதிக்கு ஒரு ஸ்தாயி மேலாகவோ கீழாகவோ கணினி தீர்ப்புச் சொல்லிவிடும். விரல்கள் விரைவாகத் தகவல் தரும், ஆனால் ஐயத்துக்கு இடம் வைக்கும். ஒலி தாமதமாகத் தரும், ஆனால் ஐயத்தைத் தீர்க்கும். இரண்டையும் சேர்த்தால், விரல்கள் முன்வைக்கும் சில சாத்தியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே ஒலியாய்வின் வேலையாகிறது.

மூன்றாவது, மென்பொருள். வெர்கோவின் மாணவரும் கணிதத்தில் தேர்ந்தவருமான மில்லர் பக்கெட் இர்காமுக்கு வந்து, நிகழ்நேர இசை நிகழ்வுகளை ஒழுங்குபடுத்தும் நிரலை எழுதத் தொடங்கினார். கணினி இசையின் முன்னோடியான மேக்ஸ் மேத்யூஸின் பெயரால் ‘மேக்ஸ்’ என்று அழைக்கப்பட்ட அந்த நிரல், இன்று நாம் அறியும் பெட்டிகளும் இணைப்புக் கோடுகளுமான வடிவத்தை அடைவதற்கு முன்பே ‘ஜூபிடர்’ உருவாகிவிட்டது. அந்த வரைகலை வடிவம் மனூரியின் அடுத்த படைப்பான ‘ப்ளூட்டான்’ (1988) வழியாகத்தான் மேடைக்கு வந்தது. பூரகார்ட் 1985-இலேயே இறந்துவிட்டார். அவருடைய ஆய்வின் விளைவைக் கொண்டே எழுதப்பட்ட ‘ஜூபிடர்’, அவருடைய நினைவைச் சுமந்துகொண்டிருக்கிறது.

பின்தொடர்வதன் வேலைமுறை

இசைக்குறிப்பைப் பின்தொடரும் முறையின் அடிப்படை எளிமையானது. வாசிக்கப்பட வேண்டிய சுரங்களின் வரிசை முன்கூட்டியே கணினியில் பதிந்திருக்கிறது. மைக்கின் வழியாகவோ உணரிகளின் வழியாகவோ வரும் ஒவ்வொரு சுரத்தையும் அந்த வரிசையில் தற்போதைய இடத்தை ஒட்டிய சில சுரங்களோடு ஒப்பிட்டு, பொருந்தினால் கணினி ஒரு படி முன்னேறுகிறது. வரிசையில் குறிக்கப்பட்ட சில சுரங்களுக்கு எண்கள் தரப்பட்டுள்ளன. அந்தச் சுரத்தை அடைந்தவுடன் அதற்குரிய கட்டளைத் தொகுதி இயங்குகிறது. எதிரொலியைத் திற, இந்த ஒலித்தொகுப்பைத் தொடங்கு, முந்தைய செயல்பாட்டை மூன்று விநாடிகளில் மங்கச் செய் என்பன போன்ற கட்டளைகள் அவை.

சிக்கல் முழுவதும் ‘பொருந்தினால்’ என்ற சொல்லில் அடங்கியிருக்கிறது. மனிதர்கள் சுரங்களைத் தவற விடுவார்கள், கூடுதலாக ஒன்றைத் தொட்டுவிடுவார்கள், திரில்களில் (அடுத்தடுத்த இரு சுரங்களை விரைந்து மாற்றி மாற்றி வாசிக்கும் அலங்காரத்தில்) எத்தனை முறை ஊசலாடுவார்கள் என்பதற்குக் கணக்கில்லை. ஆகவே பின்தொடரும் நிரல் ஒரு சுரம் வராவிட்டாலும் அதற்கடுத்த சுரம் வந்தால் தாண்டிச் செல்ல வேண்டும். ஆனால் தாண்டும் துணிச்சல் அதிகமாகிவிட்டால், தற்செயலாக ஒலித்த ஒரு சுரத்தை நம்பி அரைப் பக்கத்தைத் தாண்டிப் போய் நின்றுவிடும். பொறுமைக்கும் துணிச்சலுக்கும் இடையே எங்கே கோடு கிழிப்பது என்பதை ஒரு படைப்பு முழுவதற்கும் ஒரே எண்ணால் தீர்மானிக்க முடிவதில்லை. ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் பகுதியில் ஒரு விதமாகவும், அகலத் தாவும் சுரங்கள் கொண்ட பகுதியில் வேறு விதமாகவும் அது அமைய வேண்டியிருக்கிறது.

மெய்நிகர் இசைக்குறிப்பு

பின்தொடர்வது மட்டுமே நடந்திருந்தால் ‘ஜூபிடர்’ ஒரு பொறியியல் சாதனையாக நின்றிருக்கும். நாடாவைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் கலைஞரே தொடங்கிவைக்கும் ஏற்பாட்டுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இருந்திருக்காது. எப்போது தொடங்குவது என்ற விடை கிடைத்தாலும், தொடங்கியது எப்படி நடந்துகொள்ளும் என்பது மாறாது.

மனூரியின் பங்களிப்பு இங்கேதான் இருக்கிறது. மரபான இசைக்குறிப்பில் சில கூறுகள் உறுதியாக எழுதப்பட்டுள்ளன, சில கூறுகள் வாசிப்பவரின் முடிவுக்கு விடப்பட்டுள்ளன என்பதை அவர் கவனித்தார். சுரத்தின் பெயர் உறுதியானது. ‘வலிமையாக’ என்ற குறியீட்டுக்குத் துல்லியமான அளவு கிடையாது, ஒவ்வொரு கலைஞரும் ஒவ்வொரு அரங்கிலும் அதற்கு வெவ்வேறு அளவைத் தருகிறார். மின்னணுப் பகுதியும் இப்படியே எழுதப்படலாம் என்பது அவருடைய கருத்து. ஒலியின் எந்த அளவுரு (மாறக்கூடிய கூறு) மாற வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்கும். அதன் உண்மையான மதிப்பு மேடையில் வாசிப்பிலிருந்தே பிறக்கும். இதை அவர் மெய்நிகர் இசைக்குறிப்பு என்று அழைத்தார்.

‘ஜூபிடரில்’ இது பல அடுக்குகளில் செயல்படுகிறது. சில இடங்களில் புல்லாங்குழலின் ஒலியே மூலப்பொருள்: அது பல சுருதிகளாகப் பிரிக்கப்பட்டு இணை குரல்களாகிறது, அதிர்வெண் இடம்பெயர்க்கப்பட்டு உலோகச் சாயல் பெறுகிறது, அல்லது முடிவில்லா எதிரொலிக்குள் செலுத்தப்பட்டு, வாசித்து முடித்த சுரம் அசையாத அடுக்காக வெளியில் நிற்கிறது. வேறு சில இடங்களில் கணினி தானே தொகுத்து உருவாக்கிய ஒலிகள் வருகின்றன. அவற்றின் சுருதிகளும் கால அமைப்பும் புல்லாங்குழல் பகுதியிலிருந்தே வருவிக்கப்பட்டவை. வாசித்த ஒரு சிறு தொடரின் தாள அமைப்பை நினைவில் வைத்துக்கொண்டு, பின்னர் வாசித்த இன்னொன்றை நோக்கி அதைப் படிப்படியாக உருமாற்றிச் செல்லும் இடைச்செருகல் முறையும் உண்டு. இந்தக் கடைசி வகையில், கலைஞர் இன்று மாலை அந்தத் தொடரைச் சற்று இழுத்து வாசித்திருந்தால், பின்னால் கணினி நெய்யும் துணியிலும் அந்த இழுப்பு தெரியும்.

என் மதிப்பீட்டில் இந்தப் படைப்பின் உயரங்கள் யாவும் இப்பகுதிகளில்தான் உள்ளன. குறித்த சுரத்தில் குறித்த ஒலி வெடிக்கும் இடங்கள் கேட்பவரை வியக்க வைக்கலாம். ஆனால் இரண்டாம் முறை கேட்கும்போது அந்த வியப்பு பாதியாகிவிடும். வாசிப்பின் வலிமையும் மூச்சும் மின்னணு ஒலியின் உடலுக்குள் நுழையும் இடங்கள் அப்படியல்ல; அங்கே இரண்டு கலைஞர்கள் ஒருவரையொருவர் கேட்பது போன்ற நெருக்கம் உண்டாகிறது. அறையிசை என்ற சொல்லுக்கு இந்தப் படைப்பை உரியதாக்குவதும் அந்த நெருக்கமே. வாசிப்பவர் எண்ணிக்கையில் ஒருவர்தான் என்றாலும், இதைத் தனிவாத்தியப் படைப்பு என்று வகைப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மேடையில் எழும் தடைகள்

முதல் தடை இயற்பியலுடையது. ஒரு சுரத்தின் சுருதியை அறிய அதன் அலை குறைந்தது இரண்டு மூன்று முறையாவது முழுமையாகச் சுழன்று வந்திருக்க வேண்டும். புல்லாங்குழலின் மத்திய ‘சி’ சுரத்தின் அதிர்வெண் ஏறத்தாழ 262 ஹெர்ட்ஸ். ஒரு சுழற்சிக்கு 3.8 மில்லிவிநாடி. இது குறைவுதான். ஆனால் நம்பகமான ஆய்வுக்கு வழக்கமாக 1024 அல்லது 2048 மாதிரிகள் (கணினி ஒலியை அளந்து பதியும் தனித்தனிப் புள்ளிகள்) கொண்ட ஒரு சாளரம், அதாவது ஒரே தடவையில் ஆராயப்படும் ஒலித்துண்டு, தேவைப்படுகிறது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற விகிதத்தில் அது முறையே ஏறத்தாழ 23, 46 மில்லிவிநாடிகள் ஆகிறது. அதோடு, குழலில் காற்று புகுந்து சுரம் நிலைபெறுவதற்கே சில பத்து மில்லிவிநாடிகள் ஆகலாம். அந்த இரைச்சலான தொடக்கத்தில் சுருதி என்று சொல்ல எதுவும் இல்லை. ஒலி காற்றில் பத்து மீட்டர் கடக்க 29 மில்லிவிநாடி ஆகிறது என்பதை நினைத்தால், தூரத்தில் அமர்ந்திருக்கும் சக கலைஞரோடு வாசிக்கும்போது ஏற்படும் தாமதத்தைவிட இது பெரிதன்று. மெல்ல எழும் ஒலிகளுக்கு இந்தத் தாமதம் பொருட்டாகாது. கூர்மையாகத் தட்டப்படும் ஒலி ஒன்று புல்லாங்குழல் சுரத்தோடு ஒரே கணத்தில் விழ வேண்டுமென்றால் மட்டும் காதுக்கு அது பிளவாகத் தெரியும். எனவே, பின்தொடரும் முறையை நம்பி எழுதும் இசையமைப்பாளர், கூர்மையான ஒலியை அதற்கு முந்தைய சுரத்திலேயே கட்டி வைக்கவோ, அந்த ஒலியின் தொடக்கத்தை மென்மையாக்கவோ வேண்டியிருக்கிறது. பொறியியல் வரம்பு இப்படித்தான் இசை நடைக்குள் புகுந்து அமர்கிறது.

இரண்டாவது தடை ஒலிக்கசிவு. ஒலிபெருக்கிகளிலிருந்து வரும் மின்னணு ஒலி மீண்டும் புல்லாங்குழலின் மைக்குக்குள் நுழைகிறது. சாதாரண ஒலிபெருக்கத்தில் இதன் தொல்லை ஊளையிடுதல் மட்டுமே. இங்கே தொல்லை இன்னும் ஆழமானது. மின்னணுப் பகுதியின் சுருதிகள் புல்லாங்குழலிலிருந்தே வருவிக்கப்பட்டவை என்பதால், கசிந்து வரும் ஒலி கணினிக்கு ‘அடுத்த சுரம் வாசிக்கப்பட்டுவிட்டது’ என்று தோன்றக்கூடும். இரண்டு பகுதிகளுக்கும் இடையே இசையமைப்பாளர் எவ்வளவு இறுக்கமான உறவை அமைக்கிறாரோ அவ்வளவுக்குக் கணினி ஏமாறும் வாய்ப்பும் கூடுகிறது. மைக்கை உதடுகளுக்கு மிக அருகில் பொருத்துவது, ஒலிபெருக்கிகளைக் கலைஞருக்குப் பின்னால் வைக்காமலிருப்பது, மின்னணு ஒலியைக் கலைஞருக்குக் கேட்கச் செய்யும் மேடை ஒலிபெருக்கியான மானிட்டரின் ஒலியளவைக் குறைப்பது ஆகியவை வழக்கமான தீர்வுகள். கடைசித் தீர்வு கலைஞரின் காதிலிருந்து அவருடைய கூட்டாளியை விலக்கிவிடுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது தடை மனித இயல்பு சார்ந்தது. இத்துறையில் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான். கணினி ஒரு முறை தடம் மாறிவிட்டால் அதை உணர்ந்த கலைஞர், அடுத்த முறை அதே இடத்தில் சுரங்களைச் சற்று அழுத்தமாக, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்து, கணினிக்குப் புரியும்படி வாசிக்கத் தொடங்குகிறார். கேட்பவருக்காக வாசிப்பதும் கணினிக்காக வாசிப்பதும் இரண்டு வேறு வாசிப்புகள். நாடாவின் காலத்திலிருந்து விடுவிக்க வந்த முறை, இப்படிக் கலைஞரை உச்சரிப்பின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்துவிடும் அபாயம் எப்போதும் இருக்கிறது. இதற்கு மென்பொருளில் தீர்வு தேடுவதைவிட மேடை நடைமுறையில் தீர்வு தேடுவது பயனளித்திருக்கிறது: கலவைக் கருவியருகே இசைக்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் ஒருவர், கணினி தடுமாறும் கணத்தில் விசையை அழுத்திச் சரியான இடத்துக்கு அதைக் கொண்டுவருகிறார். தானியங்கி முறை என்று அறிவிக்கப்பட்ட கச்சேரிகளிலும் அந்த விரல் விசைமேல் தயாராக இருப்பது வழக்கம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. அவரையும் ஒரு கலைஞராக நிகழ்ச்சி நிரலில் பெயர் குறிப்பிடுவதே முறை.

இந்த இடத்தில், பின்தொடரும் முறையையே தவிர்த்துச் சிறப்பான இசை எழுதியவர்களையும் குறிப்பிட வேண்டும். கையா சாரியாஹோவின் ‘நோவாநோவா’ (1992) அதே புல்லாங்குழலுக்கும் மின்னணு ஒலிக்கும் எழுதப்பட்டது. அங்கே கலைஞர் தன் காலால் ஒரு மிதியை அழுத்தி அடுத்த நிகழ்வைத் தானே தொடங்குகிறார். மிதி ஒருபோதும் தவறாகக் கேட்பதில்லை. கலைஞர் பலரும் அதை விரும்புவதற்குக் காரணம் சோம்பல் என்று நினைக்க வேண்டியதில்லை.

இயந்திரங்களின் ஆயுள்

4எக்ஸ் ஓர் ஆய்வு மையத்தின் இயந்திரம். அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்வது பெரும் வேலை. அந்த இயந்திரம் ஓய்வு பெற்றால் அதை நம்பி எழுதப்பட்ட இசையும் ஓய்வு பெற வேண்டியதுதான். 1990-களின் தொடக்கத்தில் இர்காம், நெக்ஸ்ட் கணினிக்குள் இன்டெல் ஐ860 செயலிகள் கொண்ட அட்டைகளைப் பொருத்தித் தன் புதிய பணிநிலையத்தை உருவாக்கியபோது, ‘ஜூபிடர்’ அதற்கு இடம்பெயர்ந்தது. நெக்ஸ்ட் நிறுவனம் 1993-லேயே கணினி தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆக, முதல் அடைக்கலமும் நீடிக்கவில்லை. இதற்கிடையில் அமெரிக்காவுக்குத் திரும்பி, சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றத் தொடங்கிய பக்கெட், 1996-இல் ‘ப்யூர் டேட்டா’ என்ற திறந்த மூல மென்பொருளை வெளியிட்டார். சாதாரணக் கணினிகளே நிகழ்நேர ஒலிச்செயலாக்கத்துக்குப் போதுமான வேகத்தை அடைந்துகொண்டிருந்த காலம் அது. 2000-களின் தொடக்கத்தில் ‘ஜூபிடர்’, ‘ப்ளூட்டான்’ உள்ளிட்ட சில படைப்புகளின் மின்னணுப் பகுதிகளை ப்யூர் டேட்டாவில் மறுபடி எழுதி, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும்படி செய்யும் திட்டத்தை அவரே மேற்கொண்டார்.

இந்த இடப்பெயர்ச்சியில் எது எளிதாகக் கடந்து வந்தது, எது வரவில்லை என்பது பாடமாக அமைகிறது. நிகழ்வுகளின் பட்டியல் எளிதாக வந்தது: ‘இந்தச் சுரத்தில் இதைச் செய்’ என்பது எந்த இயந்திரத்திலும் ஒன்றே. எதிரொலி, அதிர்வெண் இடம்பெயர்ப்பு போன்ற நன்கு வரையறுக்கப்பட்ட செயல்பாடுகளும் வந்தன. ஆனால் பழைய எதிரொலியின் நிறம் அதன் உள்கட்டமைப்பைச் சார்ந்தது என்பதால், புதியது ஒத்திருக்குமே தவிர அதுவாக இருக்காது. தொகுப்பொலிகளில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். மிகக் கடினமாக வந்தது பின்தொடரும் பகுதி. விரல் உணரிகள் கைவிடப்பட்டு மைக் மட்டுமே எஞ்சியபோது, முன்பு விரல்களும் ஒலியும் பகிர்ந்துகொண்ட பொறுப்பு முழுவதும் ஒலியாய்வின் தோளில் விழுந்தது. சுருதி கண்டறியும் நிரல் மாறும்போதெல்லாம் அது செய்யும் பிழைகளின் வகையும் மாறுகிறது. ஒரு நிரலின் பிழைகளுக்கு ஈடுகொடுத்துச் சீராக்கப்பட்ட பொறுமை அளவுகள் மற்றொரு நிரலுக்குப் பொருந்துவதில்லை. எனவே ஒவ்வோர் இடப்பெயர்ச்சியிலும் இந்தப் பகுதி புதிதாகவே உருவாக்கப்பட வேண்டியிருக்கிறது.

‘கொன்டாக்டே’யின் நாடா எண்ணிமக் கோப்பாக மாற்றப்பட்டுவிட்டால், அதை இயக்க எந்தக் கருவியும் போதும். கேட்காத நாடா நீண்ட நாள் வாழ்கிறது. கேட்கும் கணினி ஒவ்வொரு பத்தாண்டிலும் மறுபிறவி எடுக்க வேண்டியிருக்கிறது. இது பொதுவிதி என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் எழுதும் முறையே நிலைமையை மாற்றக்கூடும். பூலேஸின் ‘ஆன்தெம் 2’ (1997) வயலினுக்கும் நேரடி மின்னணு ஒலிக்குமான படைப்பு. பின்தொடரும் முறை அதிலும் உண்டு. ஆனால் அதன் மின்னணுப் பகுதி குறிப்பிட்ட இயந்திரத்தின் மொழியில் அடைபடாமல், எந்தச் செயல்பாடு, எந்த அளவு, எந்தக் கணம் என்ற வகையில் ஆண்ட்ரூ கெர்ஸோவின் தொழில்நுட்ப விளக்கத்தோடு அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு, இன்னும் பிறக்காத ஒரு மென்பொருளில்கூட ஒருவர் அதைக் கட்டியெழுப்ப முயலலாம். நிரலைக் காப்பது ஒரு பணி, நிரல் எதைச் செய்ய முனைந்தது என்பதை எழுதிவைப்பது வேறொரு பணி. ‘ஜூபிடரின்’ முதல் ஆண்டுகளில் இரண்டாவது பணியின் அவசரம் யாருக்கும் முழுதாகத் தெரிந்திருக்கவில்லை.

4எக்ஸின் நிறமே உண்மையான ‘ஜூபிடர்’ என்று வாதிடுவோரும் உண்டு. பழைய வாத்தியங்களில் பழைய இசையை வாசிக்கும் இயக்கத்தின் தர்க்கம் இங்கும் செல்லும் என்பது அவர்கள் பார்வை. எனக்கு இதில் பாதி உடன்பாடு. 1987-இன் ஒலிப்பதிவுகள் ஆவணங்களாகக் காக்கப்பட வேண்டும். புதிய வடிவத்தைச் சரிபார்க்க, மைக்கில் பதிவான மாற்றமில்லாத புல்லாங்குழல் ஒலியும் அதற்குப் பழைய அமைப்பு தந்த விளைவும் சேர்ந்து கிடைப்பதைவிடச் சிறந்த அளவுகோல் வேறில்லை. ஆனால் மெய்நிகர் இசைக்குறிப்பு என்ற கருத்தை ஏற்றுக்கொண்ட பிறகு, ஒலியின் துல்லியமான நிறம் மாறும் என்பதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். மாறும் மதிப்புகளுக்கு இடம்விட்டு எழுதப்பட்ட இசை அது.

அதன் பிறகு

‘ப்ளூட்டான்’ பியானோவுக்கு எழுதப்பட்டது. மிடி (வாத்தியங்களும் கணினியும் தகவல் பரிமாறும் பொதுமுறை) இணைப்புள்ள பியானோவில் எந்த விசை, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது என்பது கணினிக்கு நேரடியாகவே தெரிந்துவிடுவதால் கேட்கும் சிக்கல் அங்கே பெரிதும் குறைந்தது. எதிர்த்திசையில், சோப்ரானோ என்னும் உச்சப் பெண்குரலுக்கான ‘ஆன் ஏகோ’வில் (1993) அது பன்மடங்கானது: குரலில் அதிர்வு உண்டு, சறுக்கல் உண்டு, மெய்யெழுத்துகளின் இரைச்சல் உண்டு, ஒரு சுரம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதே விவாதத்துக்குரியது. சுரத்தின் பெயரைத் தேடுவதைவிட, வரும் ஒலி எதிர்பார்க்கும் ஒவ்வோர் இடத்துக்கும் எவ்வளவு பொருந்துகிறது என்று நிகழ்தகவால் எடைபோடும் முறைகள் பின்னர் வளர்ந்ததற்கு இத்தகைய அனுபவங்களே தூண்டுதல். அர்ஷியா கான்ட் இர்காமில் உருவாக்கிய ‘அன்டெஸ்கோஃபோ’ இன்னொரு முக்கியமான படியை எடுத்துவைத்தது: வாசிப்பவர் எங்கே இருக்கிறார் என்பதோடு எந்தக் காலப்பிரமாணத்தில் செல்கிறார் என்பதையும் அது தொடர்ந்து கணிக்கிறது. காலப்பிரமாணம் தெரிந்தால் அடுத்த சுரம் எப்போது வரும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கலாம். மேலே சொன்ன 46 மில்லிவிநாடித் தாமதத்தை ஈடுகட்டுவதற்கு இந்த எதிர்பார்ப்பே வழி. சக வாத்தியக்காரரும் காதால் கேட்ட பிறகு வாசிப்பதில்லை, முன்னுணர்ந்துதான் வாசிக்கிறார். மனூரியே 2010-இல் நால்வர் நரம்பிசைக் குழுவுக்கு ‘டென்ஸியோ’வை எழுதியபோது, ஒற்றைக் குழலைப் பின்தொடர்வதில் தொடங்கிய முயற்சி, நான்கு வில்கள் ஒரே நேரத்தில் எழுப்பும் ஒலிக்குள் வந்து சேர்ந்தது.

இன்று ‘ஜூபிடரை’ மேடையேற்ற எண்ணும் ஒரு குழு, தன் உழைப்பின் பெரும்பங்கை எங்கே செலவிட வேண்டும் என்பது மேற்கண்டவற்றிலிருந்து ஓரளவு தெளிவாகும். புல்லாங்குழல் பகுதியே மிகக் கடினமானது. ஆனால் அது தனியறையில் பயிலத்தக்கது. கணினிப் பகுதி அப்படிப் பயிலத்தக்கதன்று. முதல் கூட்டு ஒத்திகைக்கு முன்பே, கலைஞர் தன் பகுதி முழுவதையும் கச்சேரியில் பயன்படுத்தப்போகும் அதே மைக்கில் தனியாக வாசித்துப் பதிவு செய்து கொடுத்துவிட்டால், அந்தப் பதிவை மீண்டும் மீண்டும் செலுத்திப் பின்தொடரும் பகுதி எங்கெங்கே தடுமாறுகிறது என்பதை மின்னணுப் பொறுப்பாளர் அவர் இல்லாமலேயே அறிந்துகொள்ளலாம். தடுமாறும் இடங்களை மூன்றாகப் பிரிப்பது நல்லது: பொறுமை அளவை மாற்றினால் சரியாகிவிடும் இடங்கள், அரங்கின் ஒலியமைப்பைப் பொறுத்தவை, எவ்வளவு முயன்றாலும் நம்ப முடியாதவை. மூன்றாம் வகை இடங்களில் தொடக்கத்திலிருந்தே கையால் விசையை அழுத்துவது என்று முடிவு செய்து, அதைக் கலைஞரிடமும் சொல்லிவிட வேண்டும். எங்கே கணினி கேட்கிறது, எங்கே மனிதர் கேட்கிறார் என்பது தெரிந்த கலைஞர், அந்தந்த இடத்தில் தன் உச்சரிப்பைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு வாசிக்க முடியும். அரங்கில் நடக்கும் ஒத்திகையில் ஒலிபெருக்கிகளின் அளவை ஒவ்வொரு முறை உயர்த்தும்போதும் கசிவைப் புதிதாகச் சோதிக்க வேண்டும். மாலையில் இருக்கைகள் நிறைந்ததும் எதிரொலி குறைந்து, காலையில் சரியாக இருந்த அளவுகள் மறுபடியும் மாறும் என்பதால், இடைவேளைக்கு முன் வேறொரு படைப்பை வைத்து, அந்த நேரத்தில் அரங்கின் ஒலியைக் கணித்துக்கொள்ளும் பொறுப்பாளர்களும் இருக்கிறார்கள்.